வருமானமும் வரியும்: கல்லூரி மாணவர்க்கு ஒரு விளக்கம்

பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர் ஒருவரிடம், ‘நீங்கள் வரி செலுத்துகிறீர்களா?’ என்று வினவினால், ‘எனக்கு இன்னும் வருமானமே இல்லையே, வரி எங்ஙனம் செலுத்துவேன்?’ என்றுதான் பெரும்பாலும் விடை வரும். அவ்விடையில் பாதி உண்மை, பாதி பிழை. வருமான வரி அவருக்கு இல்லை என்பது உண்மை. ஆயினும், விடுதி அறையில் அவர் கையில் இருக்கும் தொலைபேசிக்கு மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் 18 சதவிகித வரி அடங்கியிருக்கிறது. அதே கட்டணத்தைச் செலுத்தும் பெருஞ்செல்வரும் அதே வரியைத்தான் செலுத்துகிறார். ஆகவே, வரி என்பது சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு வந்து சேரும் ஒரு தொல்லையன்று. கடையில் முதன்முதலாக ஒரு பொருள் வாங்கிய நாளிலிருந்தே நம்முடன் வருவது.

படிப்பு முடிந்து வேலையில் அமரும் பொழுதும், நண்பர் இருவரோடு சேர்ந்து சிறு தொழில் தொடங்கும் பொழுதும், வரியின் அடிப்படையை அறியாமையால் பணத்தை இழப்பவர்கள் பலர். சட்டத்தை மீற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. திரும்பப் பெறவேண்டிய தொகையைக் கேளாமல் விட்டுவிடுவதாலும், பிறருடைய பணத்தைத் தம் பணம் என்று கருதிச் செலவழித்துவிடுவதாலும் அவர்கள் இடர்ப்படுகிறார்கள். ஆதலின், இதன் அடிப்படைகளை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

நேர்முக வரியும் மறைமுக வரியும்

வரிகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது வழக்கம். எவர் மீது வரி விதிக்கப்படுகிறதோ அவரே அதன் சுமையையும் தாங்குவாராயின் அது நேர்முக வரி. வருமான வரி இவ்வகையைச் சேர்ந்தது. அரசாங்கத்துக்கு வரியைச் செலுத்துபவர் ஒருவராகவும், அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவராகவும் இருப்பின் அது மறைமுக வரி. கடைக்காரர் செலுத்தும் சரக்கு, சேவை வரி இதற்கு எடுத்துக்காட்டு. அவர் செலுத்துகிறார், வாங்குபவர் தாங்குகிறார்.

நேர்முக வரியை ஒருவருடைய சக்திக்கேற்ப ஏற்றவும் இறக்கவும் முடியும். மறைமுக வரியில் அது இயலாது. சவர்க்காரம் விற்பவர், வாங்குபவரின் சம்பளத்தைக் கேட்டு விலை கூறுவதில்லை. எனவேதான் எளியோரும் பயன்படுத்தும் பொருள்களுக்கு வரி குறைவாகவோ, இல்லாமலோ இருக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் வற்புறுத்துகிறார்கள்.

வரி விதிக்கும் அதிகாரம்

நம் அரசியல் சட்டத்தின் 265ஆவது பிரிவு மிகச் சிறியது. ஆனால் குடிமக்களுக்கு அது பெருங்காவல். சட்டத்தின் அதிகாரம் இன்றி யாதொரு வரியும் விதிக்கப்படவோ வசூலிக்கப்படவோ கூடாது என்பது அதன் சாரம். ஓர் அதிகாரியின் விருப்பத்தாலோ, ஓர் அமைச்சரின் அறிவிப்பாலோ மட்டும் வரி பிறந்துவிடாது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை சட்டம் இயற்ற வேண்டும். ஆண்டுதோறும் பார்லிமெண்டில் நிதி மசோதா நிறைவேற்றப்படுவது இதன் பொருட்டே.

எந்த வரியை எவர் விதிக்கலாம் என்பதை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வகுத்துரைக்கிறது. விவசாய வருமானம் நீங்கலாக ஏனைய வருமானத்தின் மீது வரி விதிக்கும் உரிமை மத்திய அரசாங்கத்துக்கு உரியது. விவசாய வருமானத்தின் மீது வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உரியது. மத்திய அரசாங்கம் வசூலிக்கும் வருமான வரி முழுவதும் அதனிடமே தங்கிவிடுவதில்லை. நிதிக் குழுவின் பரிந்துரைப்படி ஒரு பங்கு மாநிலங்களுக்குச் செல்கிறது. 2021-26ஆம் ஆண்டுகளுக்கு, பகிர்வுக்குரிய வரித் தொகையில் 41 சதவிகிதம் மாநிலங்களுக்கு என்று பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்தது. ‘சர்சார்ஜ்’ எனப்படும் கூடுதல் வரியும், ‘செஸ்’ எனப்படும் மேல்வரியும் இந்தப் பகிர்வில் சேர்வதில்லை என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இக்கால முறையிலான வருமான வரி 1860இல் தொடங்கியது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வெறுமையான கஜானாவை நிரப்புவதற்காக, ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி அதிகாரி அதைக் கொண்டுவந்தார். பின்னர் 1886, 1922, 1961 ஆகிய ஆண்டுகளில் விரிவான சட்டங்கள் இயற்றப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின் கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் அளித்த யோசனைகளை ஒட்டி, டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சராக இருந்த காலத்தில் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவரப்பட்டன. அவ்விரண்டும் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. 1973-74இல் மிக உயர்ந்த வருமானப் படியின் மீது, கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவிகிதம் வரி இருந்தது. அந்தப் படியில் 100 ரூபாய் சம்பாதித்தவர் கையில் இரண்டேகால் ரூபாய்தான் எஞ்சியது! அத்தகைய விகிதம் வருமானத்தை மறைக்கும் ஆசையையே வளர்த்தது என்பதை அனுபவம் உணர்த்தவே, விகிதங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அது நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது.

பழைய சட்டத்தில் ‘முந்தைய ஆண்டு’ என்றும் ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்றும் இரு சொற்கள் வழங்கின. ஈட்டிய ஆண்டு முன்னது. அந்த வருமானம் மதிப்பிடப்படும் அடுத்த ஆண்டு பின்னது. படித்தவர்களும் இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு தவறான ஆண்டுக்கு வரி கட்டியதுண்டு. புதிய சட்டம் இரண்டையும் நீக்கி, ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல்லைக் கையாள்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையில் உள்ள காலமே வரி ஆண்டு.

தனி மனிதரின் வருமானம்

வருமானத்தைச் சட்டம் ஐந்து தலைப்புகளில் அடக்குகிறது. சம்பளம், வீட்டுச் சொத்திலிருந்து வரும் வருமானம், வியாபாரம் அல்லது தொழிலின் இலாபம், மூலதன ஆதாயம், இதர வருமானம் என்பன அவை. நிலத்தையோ பங்குப் பத்திரத்தையோ விற்றுப் பெறும் ஆதாயம் நான்காவது தலைப்பில் சேரும். வங்கி வட்டி ஐந்தாவது தலைப்பில் சேரும். மாணவர் ஒருவர் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெறும் கட்டணம் மூன்றாவது தலைப்பில் சேரும்.

கையில் வந்து சேரும் பணமெல்லாம் வரிக்குரிய வருமானம் அன்று. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உபகாரச் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால், ஒரு நிறுவனத்தில் வேலை செய்து அதற்குக் கைம்மாறாகப் பெறும் பயிற்சி ஊதியம், பெயர் எதுவாயினும், சாதாரணமாக வரிக்குரியதே. தந்தையார் விடுதிச் செலவுக்கு அனுப்பும் பணம் மகனுக்கோ மகளுக்கோ வருமானம் ஆகாது. உறவினர் தரும் நன்கொடைக்கும் வரி இல்லை. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓர் ஆண்டில் பெற்ற நன்கொடை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் அன்று, முழுத் தொகையும் வருமானத்தில் சேர்க்கப்படும். திருமணத்தின் போது மணமக்கள் பெறும் பரிசுகளுக்கு இவ்விதி பொருந்தாது.

மொழிபெயர்ப்பு அலுவலில் ஈடுபட்டிருக்கும் நாம் இங்கு ஒன்றைக் கூற விரும்புகிறோம். தமிழில் ‘வரிச் சலுகை’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறித்துவிடுகிறோம். குழப்பத்தின் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது. முதலாவது ‘விலக்கு’: கணக்கிலேயே சேராத வருமானம், உபகாரச் சம்பளம் போன்றது. இரண்டாவது ‘கழிவு’: கணக்கில் சேர்த்த பிறகு வருமானத்திலிருந்து குறைக்கப்படும் தொகை. மூன்றாவது ‘தள்ளுபடி’: வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்த வரியிலிருந்தே குறைக்கப்படும் தொகை. ஆயிரம் ரூபாய் கழிவு கிடைத்தால், 20 சதவிகிதப் படியில் இருப்பவருக்கு 200 ரூபாய்தான் மிச்சம். ஆயிரம் ரூபாய் தள்ளுபடி கிடைத்தால் ஆயிரமும் மிச்சம். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்தினால் வருமான வரியில் பாதி விளங்கிவிடும்.

இனி, விகிதங்களைக் காண்போம். 2025-26ஆம் நிதியாண்டுக்குரிய புதிய முறையில், முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை உள்ள பகுதிக்கு 5 சதவிகிதம். 8 முதல் 12 லட்சம் வரை 10. 12 முதல் 16 லட்சம் வரை 15. 16 முதல் 20 லட்சம் வரை 20. 20 முதல் 24 லட்சம் வரை 25. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 30 சதவிகிதம். இவ்வாறு கணக்கிட்ட வரியின் மீது 4 சதவிகிதம் சுகாதார, கல்வி மேல்வரி சேரும்.

‘பகுதிக்கு’ என்ற சொல்லை அழுத்தமாகக் கூறினோம். சம்பள உயர்வு பெற்று அடுத்த படிக்குச் சென்றால் வருமானம் முழுவதற்கும் உயர்ந்த விகிதம் விதிக்கப்படும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது. ஒவ்வொரு படிக்கும் அந்தப் படிக்குள் அடங்கும் தொகைக்கு மட்டுமே அவ்விகிதம் உரியது.

எடுத்துக்காட்டாக, ஒருவருடைய ஆண்டுச் சம்பளம் 14,75,000 ரூபாய் என்று கொள்வோம். சம்பளம் பெறுவோர்க்கு உரிய நிலையான கழிவு 75,000 ரூபாய். எஞ்சுவது 14,00,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000 ரூபாய். மீதி 2 லட்சத்துக்கு 15 சதவிகித வீதம் 30,000 ரூபாய். ஆக 90,000 ரூபாய்; மேல்வரி 3,600 ரூபாய்; மொத்தம் 93,600 ரூபாய். அவர் ‘15 சதவிகிதப் படியில்’ இருக்கிறார் என்பது மெய்யே. எனினும் சம்பளத்தில் சுமார் 6.3 சதவிகிதம்தான் வரியாகச் செல்கிறது.

இதே முறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு மிகாதவர்க்கு 60,000 ரூபாய் வரையில் தள்ளுபடி உண்டு. 12 லட்சத்துக்குரிய வரியும் 60,000 ரூபாயே ஆதலால், அவர் செலுத்த வேண்டியது ஏதுமில்லை. அப்படியாயின் 12,10,000 ரூபாய் ஈட்டியவர் தள்ளுபடியை இழந்து 61,500 ரூபாய் செலுத்த வேண்டுமோ? பத்தாயிரம் அதிகமாக ஈட்டியதற்கு அறுபதாயிரத்துக்கு மேல் தண்டமோ? இல்லை. எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகலாகாது என்ற விதி இங்குக் காக்கிறது. அவருடைய வரி 10,000 ரூபாயோடு நின்றுவிடும்; மேல்வரி மட்டும் அதன்மேல் சேரும். ஆயினும், சில மூலதன ஆதாயங்கள், லாட்டரிப் பரிசு போன்ற தனி விகிதத்துக்கு உட்பட்ட வருமானங்களுக்கு இத்தள்ளுபடி இல்லை. லாட்டரியிலும் இணையவழிச் சூதாட்டத்திலும் வென்ற பணத்துக்கு 30 சதவிகிதம் வரி உண்டு. அடிப்படை விலக்கு வரம்பும் அங்கே துணைக்கு வராது.

பழைய முறையும் 2025-26ஆம் நிதியாண்டில் ஒருபுறம் இருந்தது. அதில் விகிதங்கள் உயர்ந்தவை, கழிவுகள் மிகுதி. சேமிப்பு, ஆயுள் காப்புறுதி போன்றவற்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழிவு, கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு ஆகியன அம்முறையில் கிடைப்பவை. கல்விக் கடன் பெற்றுப் படித்தவர்கள் இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்து, எது நன்மையோ அதைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை.

முன்னரே பிடிக்கப்படும் வரி

வருமானம் பிறக்கும் இடத்திலேயே ஒரு பகுதியைப் பிடித்து, அரசாங்கத்துக்குச் செலுத்திவிடும் முறைக்கு மூலத்தில் வரிப் பிடித்தம் என்று பெயர். சம்பளம் கொடுப்பவர், வட்டி கொடுக்கும் வங்கி, கட்டணம் கொடுக்கும் நிறுவனம் ஆகியோர் இவ்வாறு பிடிக்கக் கடமைப்பட்டவர்கள். பிடித்த வரி, பெறுபவரின் நிரந்தரக் கணக்கு எண்ணின் பெயரில் வரவு வைக்கப்படும்.

இந்த நிரந்தரக் கணக்கு எண்ணை ‘பான்’ என்று வழங்குகிறோம். அதில் பத்து உறுப்புகள் உண்டு. முதலில் ஐந்து எழுத்துகள், பின்னர் நான்கு இலக்கங்கள், இறுதியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து, எண்ணுக்கு உரியவர் யார் என்பதைக் காட்டும். தனி மனிதராயின் ‘பி’, கம்பெனியாயின் ‘சி’, கூட்டு வியாபார நிறுவனமாயின் ‘எஃப்’. பணம் தருபவரிடம் இவ்வெண்ணைக் கொடுக்கத் தவறினால், பொதுவாக 20 சதவிகிதம் வரை பிடித்துவிடுவார்கள்.

உள்ளலங்கார வடிவமைப்புப் பயின்ற மாணவி ஒருவர், ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்து 80,000 ரூபாய் கட்டணம் பெறுகிறார் என்று கொள்வோம். நிறுவனம் 10 சதவிகிதம், அதாவது 8,000 ரூபாய், பிடித்துக்கொண்டு 72,000 ரூபாய் தருகிறது. அவருக்கு அந்த ஆண்டில் வேறு வருமானம் இல்லை. 80,000 ரூபாய்க்கு வரியே இல்லை ஆதலால், பிடித்த 8,000 ரூபாயும் அவருக்கே உரியது. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. அவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, திரும்பக் கோர வேண்டும். ‘எனக்குத்தான் வரி இல்லையே, கணக்கு எதற்கு?’ என்று அவர் வாளாவிருந்தால், ஒரு பருவத்தின் நூல் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகக்கூடிய தொகை கைநழுவிப் போகும். கணக்குத் தாக்கல் என்பது வரி கட்டுவோர்க்கு மட்டும் உரிய சடங்கன்று; அதிகமாகக் கட்டியதைத் திரும்பப் பெறுவோர்க்கும் அதுவே வழி.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. தள்ளுபடியால் வரி இல்லாமற்போவது வேறு; கணக்குத் தாக்கல் செய்யும் கடமை இல்லாமற்போவது வேறு. 10 லட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவருக்கு 2025-26இன் புதிய முறையில் வரி இல்லை. எனினும் அவருடைய வருமானம் 4 லட்சம் என்ற அடிப்படை வரம்பைத் தாண்டிவிட்டதால், அவர் கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். சம்பளக்காரர்க்கு இதற்குரிய நாள் வழக்கமாக ஜூலை 31. சில ஆண்டுகளில் அது நீட்டிக்கப்படுவதும் உண்டு.

வியாபாரமும் அதன் இலாபமும்

வியாபாரத்துக்கு வருமான வரி விற்பனையின் மீதன்று, இலாபத்தின் மீதே. வரவிலிருந்து, வியாபாரத்துக்காகவே செய்த செலவைக் கழித்தால் எஞ்சுவது இலாபம். கடை வாடகை, பணியாளர் சம்பளம், மின் கட்டணம் ஆகியவை கழிவுக்குரியவை. உரிமையாளரின் வீட்டுச் செலவும், சட்டத்தை மீறியதற்காகச் செலுத்திய அபராதமும் கழிவுக்குரியன அல்ல. இயந்திரம், கணிப்பொறி போன்று பல்லாண்டு பயன்படும் பொருளின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. தேய்மானம் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு பகுதியாகவே கழிக்கலாம். கணிப்பொறிக்கு 40 சதவிகிதம், பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவிகிதம், மேசை நாற்காலிகளுக்கு 10 சதவிகிதம் என விகிதங்கள் உண்டு.

வியாபாரத்தின் உருவத்துக்கேற்ப வரியும் வேறுபடும். தனியொருவர் நடத்தும் கடைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உருவம் இல்லை. அதன் இலாபம் உரிமையாளரின் வருமானமே. அவருக்குரிய படிகளின்படியே வரி. கூட்டு வியாபார நிறுவனத்துக்கோ படிகள் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவிகிதம் வரியும் அதன்மேல் மேல்வரியும் உண்டு. வரி செலுத்திய பின் கூட்டாளிகள் பகிர்ந்துகொள்ளும் இலாபத்துக்கு அவர்கள் கையில் மறுபடியும் வரி இல்லை.

பட்டம் பெற்ற மூன்று நண்பர்கள் கூட்டாகத் தொழில் தொடங்கி, முதல் ஆண்டில் 6 லட்சம் ரூபாய் இலாபம் கண்டார்கள் என்போம். ஒன்றும் யோசியாமல் விட்டால் நிறுவனம் செலுத்த வேண்டிய வரி 1,80,000 ரூபாய். மேல்வரி 7,200 ரூபாய். ஆனால், தொழிலில் நேரடியாக உழைக்கும் கூட்டாளிகளுக்கு ஊதியம் தர உடன்படிக்கைப் பத்திரத்தில் முறையாக எழுதியிருந்தால், ஒரு வரம்புக்குள் அதை இலாபத்திலிருந்து கழிக்கலாம். 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிப்படி, முதல் 6 லட்சம் ரூபாய் இலாபத்துக்கு அந்த வரம்பு 3 லட்சம் ரூபாய், அல்லது இலாபத்தில் 90 சதவிகிதம், இவற்றில் எது அதிகமோ அது. ஆகவே 5,40,000 ரூபாயை ஊதியமாகக் கொடுக்கலாம். நிறுவனத்தின் கையில் எஞ்சும் 60,000 ரூபாய்க்கு வரி 18,000 ரூபாயும் மேல்வரி 720 ரூபாயும்தான். நண்பர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் 1,80,000 ரூபாய், வேறு வருமானம் இல்லையாயின், 4 லட்சம் என்ற அடிப்படை வரம்புக்கு உட்பட்டது. 2025 ஏப்ரல் முதல் இத்தகைய ஊதியத்திலும் மூலத்தில் 10 சதவிகிதம் பிடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதை அவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பத்திரத்தில் ஒரு வாசகம் இருப்பதும் இல்லாததும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை உண்டாக்குகிறது அல்லவா? இது ஏய்ப்பு அன்று. சட்டமே திறந்துவைத்த வாயில். வருமானத்தை மறைப்பதுதான் ஏய்ப்பு.

கம்பெனி என்பது பங்குதாரர்களினின்றும் வேறான சட்ட மனிதர். பல கழிவுகளைத் துறக்க இசையும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 22 சதவிகித விகிதம் கிடைத்தது. கூடுதல் வரியும் மேல்வரியும் சேர்த்தால் அது ஏறக்குறைய 25.17 சதவிகிதம் ஆகிறது. வரி போக எஞ்சியதைப் பங்குதாரர்க்கு இலாப ஈவாக வழங்கினால், 2020 ஏப்ரல் முதல் அவர்கள் கையிலும் அது வரிக்குரிய வருமானம் ஆயிற்று. தொழில் தொடங்கும் இளைஞர்கள் இந்த இரட்டைச் சுமையையும் எண்ணிப் பார்த்தே உருவத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சிறு வியாபாரிகள் விரிவான கணக்கு எழுதுவது கடினம் என்பதை உணர்ந்து, சட்டம் ஓர் எளிய வழியைத் தந்திருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மிகாதவர்கள், ரொக்கமாகப் பெற்றதில் 8 சதவிகிதத்தையும், வங்கி அல்லது மின்னணு வழியில் பெற்றதில் 6 சதவிகிதத்தையும் இலாபம் என்று அறிவிக்கலாம். மெய்யான இலாபம் அதிகமாயின் அதையே அறிவிக்க வேண்டும்.

ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டுமாயின், ஆண்டு முடியும்வரை காத்திராமல் முன்பணமாகச் செலுத்த வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவிகிதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுமையும் என்பது பொது விதி. தவறினால் வட்டி சேரும்.

சரக்கு, சேவை வரி

2016இல் அரசியல் சட்டத்தில் செய்யப்பட்ட 101ஆவது திருத்தத்தின் பயனாக, 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தனித்தனியே இருந்த பல மத்திய, மாநில வரிகள் இதில் ஒன்றுபட்டன. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் வரியின் ஒரு பாதி மத்திய அரசாங்கத்துக்கும் மறு பாதி மாநில அரசாங்கத்துக்கும் உரியது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு ஒருங்கிணைந்த வரி என்ற தனிப் பெயர். 2025 செப்டம்பர் 22 முதல் 5, 18 என்ற இரு விகிதங்களே பெரும்பாலான பொருள்களுக்கு உரியவை ஆயின. சில ஆடம்பரப் பொருள்களுக்கு 40 சதவிகிதம் விதிக்கப்பட்டது. சவர்க்காரம், பற்பசை ஆகியவற்றின் வரி 18இலிருந்து 5 ஆகக் குறைந்தது. பென்சிலுக்கும் பயிற்சி நோட்டுகளுக்கும் வரி நீக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பின் கல்லூரிக் கட்டணத்துக்கு இவ்வரி இல்லை. தனியார் பயிற்சி நிலையத்தின் கட்டணத்துக்கு 18 சதவிகிதம் உண்டு.

இவ்வரியின் உயிர்நாடி, முன்னர்ச் செலுத்திய வரியை வரவு வைத்துக்கொள்ளும் முறையாகும். மின்விசிறி செய்பவர் ஒருவர் 600 ரூபாய்க்கு உதிரிப் பாகங்கள் வாங்கி, 18 சதவிகித வீதம் 108 ரூபாய் வரி கொடுக்கிறார். விசிறியை 1,000 ரூபாய்க்கு விற்று 180 ரூபாய் வரி வசூலிக்கிறார். முன்பு கொடுத்த 108ஐக் கழித்துக்கொண்டு 72 ரூபாய் அரசாங்கத்துக்குச் செலுத்துகிறார். அதை வாங்கிய கடைக்காரர் 1,300 ரூபாய்க்கு விற்று 234 ரூபாய் வரி வசூலிக்கிறார். தாம் கொடுத்த 180ஐக் கழித்து 54 ரூபாய் செலுத்துகிறார். 108, 72, 54 மூன்றையும் கூட்டினால் 234. அந்த 234 முழுவதையும் தாங்கியவர் விசிறியை வாங்கிச் சென்றவரே. இடையில் நின்றவர்கள், தாம் கூட்டிய மதிப்புக்குரிய வரியை வசூலித்துக் கொடுத்தவர்கள் மட்டுமே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, வியாபாரி வசூலித்த வரி அவருடைய பணம் அன்று. அரசாங்கத்துக்காக அவரிடம் தங்கியிருக்கும் பணம். கல்லாவில் பணம் இருக்கிறதே என்று அதை எடுத்து வாடகை கொடுத்துவிட்டு, செலுத்தும் நாளில் திகைத்து நிற்கும் இளம் வியாபாரிகள் உண்டு. அதைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கிவைப்பது சிறந்த பழக்கம். இரண்டாவது, வாங்கும் சரக்குக்குச் சரியான ரசீது இல்லையேல் வரவு கிடையாது. முன்னர்க் கொடுத்த வரி நஷ்டமாகிவிடும்.

பெரும்பாலான மாநிலங்களில், சரக்கு மட்டும் விற்போர் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயையும், சேவை அளிப்போர் 20 லட்சம் ரூபாயையும் தாண்டும் பொழுது பதிவு செய்துகொள்ள வேண்டும். சில மாநிலங்களில் வரம்பு இதனினும் குறைவு. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் இவ்வரியை வசூலிக்க உரிமை இல்லை. தொகுப்பு முறை என்ற எளிய திட்டத்தில் சேர்ந்த வியாபாரியும் ரசீதில் இவ்வரியைச் சேர்க்கலாகாது. பதிவு எண் 15 உறுப்புகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். டில்லிக்கு 07, மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் நிரந்தரக் கணக்கு எண். உணவகத்திலோ கடையிலோ வரி வசூலித்த ரசீதில் இவ்வெண் இல்லையாயின், எந்த உரிமையில் வசூலிக்கிறீர்கள் என்று கேட்க மாணவருக்கும் உரிமை உண்டு. 265ஆவது பிரிவின் கருத்து அங்கேயும் நமக்குத் துணை நிற்கிறது.

செய்யத்தக்கவை

வரி ஆண்டு தொடங்கும் நாளிலேயே ஒரு கோப்பைத் திறந்து, பெற்ற பணத்துக்கும் கொடுத்த பணத்துக்கும் உரிய ரசீதுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். தம் கணக்கு எண்ணின் பெயரில் எவ்வளவு வரி பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆண்டுக்கு இரு முறையேனும் பார்த்து, வேறுபாடு இருப்பின் பிடித்தவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். வியாபாரப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கலாகாது. விகிதங்களும் வரம்புகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஈண்டுக் கூறிய தொகைகளை அந்தந்த ஆண்டின் நிதிச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க. அடிப்படை முறைகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

கொடுக்க வேண்டிய வரியைக் குறையாமல் கொடுப்பதும், கொடுக்க வேண்டாததைக் கொடாமல் இருப்பதும், மிகையாகப் பிடித்ததைத் திரும்பப் பெறுவதும் ஒரே கடமையின் மூன்று பகுதிகள். இம்மூன்றையும் அறிந்த குடிமகன் வரவு செலவுத் திட்டம் அறிவிக்கப்படும் நாளில், ‘எனக்கு என்ன குறைந்தது?’ என்று கேட்பதோடு நின்றுவிடமாட்டான். ‘கொடுத்தது எங்கே செல்கிறது?’ என்றும் கேட்பான். குடியாட்சியில் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி, தொலைபேசிக் கட்டணத்தோடு வரி செலுத்தும் மாணவருக்கும் இன்றே உண்டு.